ரயில் வாங்கும் முன் விநாடிகளை எண்ணுங்கள்: புறநகர் ரயில் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

புறநகர் ரயில் சேவைகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நவீனமயம் என்றதும் முதல் டெண்டர் புதிய ரயில்களுக்கே போகிறது. அவற்றின் உச்ச வேகம்தான் செய்தியாகிறது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் உள்ள தடத்தில், ரயில் அந்த வேகத்தை எட்டுவதற்குள் பிரேக் பிடித்தாக வேண்டும். நேரம் கரைவது நடைமேடையிலும் முனையத்திலும்தான். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு கணக்கு பாருங்கள். போய்த் திரும்பி மீண்டும் புறப்பட, முனையக் காத்திருப்பு உட்பட, 125 நிமிடம் ஆகும் தடத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு ரயில் விட 9 ரேக்குகள் (ஒன்றாக இணைந்து ஓடும் பெட்டித் தொகுப்புகள்) வேண்டும். அதே சுற்று 120 நிமிடமானால் 8 போதும். போக வர 40 நிறுத்தங்கள் என்றால், நிறுத்தத்துக்கு 8 விநாடி மிச்சம் பிடித்தாலே அந்த ஐந்து நிமிடம் கிடைத்துவிடும். ஒன்பதாவது ரேக்கை நெரிசல் நேரத்துக்குக் கூடுதலாக ஓட்டலாம்.

அந்த 8 விநாடியைத் தின்பது பெரும்பாலும் படிதான். பெட்டியின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் முதியவர், கைக்குழந்தைக்காரர், சக்கர நாற்காலியில் வருபவர் எல்லோருக்கும் தாமதம்; அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் தாமதம். சரியாகக் கட்டிய நடைமேடைகூட நாளடைவில் தாழ்ந்துபோகும். ஜல்லியை இறுக்கும் டேம்பிங் வேலை ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தைச் சற்று உயர்த்துவதே காரணம். ஆகவே டேம்பிங் முடிந்ததும் நடைமேடை விளிம்பின் உயரத்தை அளந்து பதிவு செய்யுங்கள். வித்தியாசம் வரம்பு மீறினால் ஜல்லியைச் சலித்துத் தடத்தை இறக்குங்கள். கதவுகள் இருவர் ஒரே நேரத்தில் கடக்கும் அளவு, சுமார் 1.3 மீட்டர், அகலமாக இருக்கட்டும். கதவை ஒட்டி இருக்கை வேண்டாம்.

அடுத்தது முனையம். 200 மீட்டர் நீள ரயில், ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் 300 மீட்டர் நீளப் பாயின்ட் பகுதியை மணிக்கு 15 கிலோமீட்டரில் முழுதாகக் கடக்க இரண்டு நிமிடம் ஆகும். 30-இல் ஒரு நிமிடம். அதுவரை எதிர்த்திசை ரயில் காத்துக்கிடக்கும். இன்னொரு நடைமேடை கட்டுவதற்கு முன், வேகமாகக் கடக்கக்கூடிய பாயின்ட்டுகளைப் போடுங்கள். நிலையத்தை ஒட்டி ஒரு கூடுதல் சிக்னல் வைத்தால், முன்னால் நிற்கும் ரயில் நகர நகரப் பின்னது நெருங்கி வரலாம். தடம் முழுவதும் சிக்னலை மாற்றும் திட்டம் நிறைவேற ஆண்டுகள் ஆகும். இதற்கு அத்தனை காலம் வேண்டாம்.

ஒற்றைத் தடம் என்றால் கால அட்டவணையை முதலில் வரையுங்கள். அரை மணிக்கு ஒரு ரயில் இரு திசையிலும் சீராக ஓடினால், எதிரெதிர் ரயில்கள் 15 நிமிட ஓட்டத்துக்கு ஒரு முறை சந்திக்கும். ஒரு ரயில் ஒதுங்கி நின்று எதிர் ரயிலுக்கு வழிவிடும் கிராசிங் தடம் அந்த இடத்தில்தான் வேண்டும். நிலம் சுலபமாகக் கிடைத்த இடத்தில் அல்ல. சுவிட்சர்லாந்து 1982-இல் நாடு முழுவதும் சீரான இடைவெளி அட்டவணையைக் கொண்டுவந்தது. பின்னர் அங்கே புதிய பாதைகளும் அந்த அட்டவணைக்கு ஏற்பவே திட்டமிடப்பட்டன.

மின்மயமாக்கலையும் நாங்கள் மனதார ஆதரிக்கிறோம். பல பெட்டிகளில் மோட்டார் இருப்பதால் மின்தொடர் ரயில் சட்டென வேகமெடுக்கும். அடிக்கடி நிற்கும் தடத்தில் இதன் பலன் அதிகம். சான்பிரான்சிஸ்கோ–சான்ஹோசே தடத்தில் 2024-இல் டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாறிய கால்ட்ரெயினின் பயண நேரம் குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் படியும் பழைய பாயின்ட்டும் அப்படியே இருந்தால், வேகமெடுத்து மிச்சம் பிடித்த விநாடிகள் அங்கேயே தொலைந்துபோகும்.

கதவு திறந்து மூடும் நேரத்தைப் புதிய ரயில்களின் கணினியே பதிவு செய்கிறது. நிலையம் வாரியாக, நேரம் வாரியாக அதை மாதந்தோறும் வெளியிடுங்கள். சராசரி மட்டும் போதாது. நெரிசல் நேரத்தில் மிக அதிக நேரம் நின்ற ரயில்களின் எண்களும் வேண்டும். அடுத்த டெண்டருக்கு முன் முதல் பட்டியலை எதிர்பார்க்கிறோம்.