மதிய மாத்திரையை யார் கொடுப்பது?

பள்ளிக் கல்வித் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும்,

வணக்கம். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமலும் அளவுக்கு மீறித் துறுதுறுப்பாகவும் இருக்கும் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றி உங்கள் இரு துறைகளிடமும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது. அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஏடிஎச்டியும் உண்டு. ஆனால் பல், கண், ரத்தசோகை போல அது சில நிமிடங்களில் தெரிந்துவிடாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் தெரிய வேண்டும். புது டாக்டர் முன்னால் எந்தச் சேட்டைக்காரனும் கைகட்டித்தான் உட்காருவான். சேட்டையே செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையை யாரும் சந்தேகிப்பதுகூட இல்லை. தினமும் அவர்களோடு இருக்கும் எங்களிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கினால் என்ன? பிள்ளைக்கு இந்தக் குறைபாடு என்று பெயர் சூட்டுவது எங்கள் வேலை இல்லை, அதில் எனக்கும் பயம் உண்டு. காது கேட்காத பிள்ளையும், சரியாகத் தூங்காத பிள்ளையும்கூட வகுப்பில் அப்படித்தான் தெரிவார்கள். பார்த்ததை எழுதுகிறோம், முடிவை மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம் மருந்து. எல்லாப் பிள்ளைக்கும் அது தேவைப்படாது. ஆறு வயதுக்குள் என்றால் பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதுதான் முதல் வழி. முன் பெஞ்சு, ஒரு நேரத்தில் ஒரே வேலை, செய்தவுடன் ஒரு பாராட்டு என்று வகுப்பில் செய்யக்கூடியதும் நிறைய உண்டு. மருந்து தேவைப்படும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மெத்தில்பெனிடேட் எழுதுகிறார்கள். அது எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது. சீட்டு இரண்டு படி வேண்டும், அதற்கென உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். கூலி வேலைக்குப் போகும் அம்மா அதற்காகவே பஸ் ஏறி டவுனுக்குப் போகிறார். சாதாரண மாத்திரையின் வேலை நான்கு மணி நேரம்தான். காலை ஏழரைக்குப் போட்டால் பதினொன்றரைக்குத் தீர்ந்துவிடும். நாள் முழுக்க நிற்கும் மாத்திரைக்கு விலை அதிகம். சரி, மதிய மாத்திரையை யார் கொடுப்பது? எங்களுக்கு எழுத்தில் எந்த உத்தரவும் வந்து சேரவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று தலைமை ஆசிரியர்கள் தயங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதே பள்ளிகளில்தான் குடற்புழு மாத்திரை கொடுக்கிறோம். அதற்கு உத்தரவு இருக்கிறது, பதிவேடும் இருக்கிறது.

பெற்றோர் சம்மதம், மருத்துவர் கடிதம், பூட்டிய அலமாரி, தினக் கையெழுத்து. இவ்வளவையும் சொல்லும் ஒரு சுற்றறிக்கை போதும். வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் மாதம் ஒருமுறை வந்து எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்க்கட்டும். இந்த மருந்து பசியைக் குறைக்கும். சத்துணவு முட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கும் பிள்ளையை நாங்கள் பார்க்கிறோம், மருந்தின் அளவை முடிவு செய்யும் மருத்துவர் பார்ப்பதில்லை. ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மாவட்ட மையத்துக்குப் பரிந்துரைத்து அனுப்பும் பிள்ளைக்கு அங்கே என்ன சொன்னார்கள் என்பதும் பள்ளிக்குத் திரும்பி வருவதில்லை. பெற்றோர் சம்மதத்தோடு, வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு வரியாவது வரட்டும்.

ஜூனில் பள்ளி திறக்கும் முன் இரு துறைச் செயலர்களும் சேர்ந்து கையெழுத்திட்டு அந்தச் சுற்றறிக்கையை அனுப்புங்கள். ஒரு துறை மட்டும் அனுப்பினால், மற்றதைக் கேட்டுச் சொல்கிறோம் என்றுதான் எங்களுக்குப் பதில் வரும்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை