காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்குப் பொருந்தாத பெண்ட் பைப், சைலன்சர்: பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார்

அனுப்புநர்
ஆர்டர் செய்த வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: இரண்டு முறை தவறான உதிரிபாகம் அனுப்பியது, திரும்பப் பெற மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் அப்பா 1986இல் வாங்கிய புல்லட் 350 இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும் பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) எஞ்சின் வண்டி. அதன் பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்), சைலன்சருக்குள் நுழைகிற இடத்தில், அடிப்பக்கமாகத் துருப்பிடித்து ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. இரண்டு முறை வெல்டிங் வைத்து ஓட்டினோம். மூன்றாவது முறை போனபோது, பற்றவைக்கத் தகடே மிச்சமில்லை என்று மெக்கானிக் அண்ணன் கையை விரித்துவிட்டார். அதனால்தான் சென்ற மாதம் உங்களிடம் பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேர்ந்த செட் ஒன்றை 5,400 ரூபாய் கட்டி வாங்கினேன். 'எல்லா 350 புல்லட்டுக்கும் பொருந்தும், ஒரிஜினல் போலவே உள்ளே பேஃபிள் உண்டு' என்று உங்கள் விளம்பரத்தில் இருந்தது (பேஃபிள் என்பது சைலன்சருக்குள் சத்தத்தைக் குறைக்கிற தடுப்பு). அந்த இரண்டு வாக்கியங்களை நம்பித்தான் பணம் கட்டினேன். இரண்டுமே உண்மை இல்லை.

முதல் பார்சலைப் பிரித்தவுடனே தெரிந்துவிட்டது. பைப்பின் தலைப்பகுதியில் இரண்டு துளை போட்ட ஃபிளேன்ஜ் (விளிம்புத் தகடு) இருந்தது. அது 2000களின் கடைசியில் வந்த யூசிஇ என்ற புதிய வகை எஞ்சினுக்கானது. அதில் பைப்பை ஹெட்டோடு (எஞ்சினின் மேல்பகுதி) இரண்டு ஸ்டட் (மரையுள்ள கம்பி) போட்டு நட்டால் இறுக்குவார்கள். காஸ்ட் அயர்ன் எஞ்சினின் ஹெட்டில் ஸ்டட்டே கிடையாது. பைப்பின் முனை போர்ட்டுக்குள் (ஹெட்டில் புகை வெளியேறும் துளை) இறுக்கமாகப் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கேஸ்கெட் இல்லை, நட்டு இல்லை. அந்த இறுக்கத்தை மட்டுமே நம்பி நிற்கிற பைப் என்பதால் அளவில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க முடியாது. 350 என்ற எண்ணை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் ஒரே பொருளாக விற்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. சரி, தவறு நடப்பது சகஜம் என்று அதைத் திருப்பி அனுப்பினேன். அந்த அனுப்பும் செலவு 380 ரூபாயும் என் கையிலிருந்துதான் போனது.

இரண்டாவது பார்சலில் வந்த பைப்பில் ஃபிளேன்ஜ் இல்லை. ஆனால் போர்ட்டில் வைத்தால் ஆடியது. பழைய பைப்பையும் இதையும் வெர்னியர் அளவுகோலில் அளந்தோம். புதியது 2 மில்லிமீட்டர் சிறியது. உங்கள் அலைபேசி எண்ணில் கூப்பிட்டுச் சொன்னபோது, "தகரத்தை வெட்டிச் சுற்றி, எக்ஸாஸ்ட் பேஸ்ட் தடவி அடித்து இறக்குங்கள் சார், சூடானதும் உட்கார்ந்துவிடும்" என்றார் உங்கள் ஊழியர். புதுப் பொருள் வாங்கியவனுக்குச் சொல்லும் பதிலா இது? ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் குறை சொல்லக் கூடாது என்று மாட்டிப் பார்த்தோம்.

பொருத்தியதில்தான் தவறு என்று பிறகு உங்கள் தரப்பில் சொன்னதால் எப்படிப் பொருத்தினோம் என்பதையும் எழுதுகிறேன். கைரேகையும் எண்ணெயும் முதல் சூட்டிலேயே குரோமில் சுட்டுப் பதிந்துவிடும் என்பதால், பெட்ரோல் நனைத்த துணியால் பைப் முழுக்கத் துடைத்தோம். மரச் சுத்தியலால் தட்டி முனையை உட்கார வைத்தோம். சைலன்சரைச் செருகி, கிளாம்பையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் முறுக்கி, எல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே முன்னாலிருந்து பின்னால் இறுக்க ஆரம்பித்தோம். அந்த வரிசைதான் கடைசிவரை வரவில்லை. பைப்பின் வளைவு வெளியே தள்ளி இருக்கிறது. பின் பிராக்கெட்டில் போல்ட் ஏற வேண்டுமென்றால் சைலன்சரை முழங்காலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படி இழுத்துக் கட்டினால் ஓடுகிற அதிர்வில் பிராக்கெட் விரிசல் விடும், இல்லையென்றால் பைப்பே ஹெட்டிலிருந்து கழன்று வரும். கிக்கரை முழுதாக மிதித்தால் அது சைலன்சரில் இடிக்கிறது. இடித்த இடத்தில் குரோம் உரிந்து அடித்தகடு தெரிகிறது. புகைப்படம் 3இல் பார்க்கலாம்.

மொத்தம் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டினோம். ஆக்சிலேட்டரை விட்டவுடன் பட் பட் என்று வெடித்தது. போர்ட் இடைவெளியில் வெளிக்காற்றை இழுத்து, எரியாமல் வந்த பெட்ரோல் சைலன்சருக்குள் எரிகிற சத்தம் அது. நிறுத்திப் பார்த்தால், போர்ட்டுக்கு மேலே ஹெட்டின் ஃபின்களில் (சூடு தணிக்கும் தகடுகளில்) இரண்டு விரல் அகலத்துக்குக் கரி அடித்திருந்தது. வளைவில் குரோம் அதற்குள்ளேயே நீலம் பாய்ந்துவிட்டது.

சைலன்சர் இன்னும் மோசம். பின்பக்கம் டார்ச் அடித்தால் வெளிச்சம் முன்பக்கம் வருகிறது. ஒரு நீளக் கம்பியை விட்டேன், எங்கும் தட்டாமல் மறுமுனையில் வந்து நின்றது. அதில் பேஃபிள் எங்கே இருக்கிறது? 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), கனமான ஃபிளைவீல் (சுழல் சக்கரம்) சேர்ந்துதான் இந்த வண்டிக்கு அந்த நிதானமான தட்... தட்... சத்தம் வருகிறது. அப்பா தெருமுனை திரும்பும்போதே அம்மா கேட்டைத் திறந்துவைப்பார். அந்தச் சத்தம் எங்களுக்கு அவ்வளவு பழக்கம். நீங்கள் அனுப்பியதில் வந்த இரைச்சலைக் கேட்டு எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதிப்படி சத்தத்தைக் குறைக்கிற சைலன்சர் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், ஒலி மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சாலையில் மாட்டிக்கொள்ளப் போவது நான், விற்ற நீங்கள் அல்ல. தவிர, இப்படித் தடையில்லாமல் புகை போகும் சைலன்சருக்குக் கார்பரேட்டரில் மெயின் ஜெட்டையும் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள பாகம்) மாற்ற வேண்டும். அதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் சொல்லவில்லை.

திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, 'நிறம் மாறிவிட்டது, பயன்படுத்திய பொருள்' என்று மறுத்துவிட்டீர்கள். எந்தப் பைப்பையும் மாட்டி எஞ்சினை ஓட்டாமல் சரியா தவறா என்று சொல்ல முடியாது. ஓட்டினால் நிறம் மாறும். அப்படியானால் உங்களிடம் வாங்கிய எந்தப் பைப்பையும் யாருமே திருப்பித் தர முடியாது என்றுதானே அர்த்தம்?

இணையவழி வணிக விதிகளின்படி (2020) புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் மின்னஞ்சல் அனுப்பிப் பதினொரு நாள் ஆகிறது. கிடைத்தது என்றுகூடப் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். 5,400 ரூபாயையும் முதல் பார்சலைத் திருப்பி அனுப்பிய 380 ரூபாயையும் என் கணக்கில் சேர்க்க வேண்டும். பொருளை உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றுப் பைப் வேண்டாம். இன்னொரு முறை ஹெட்டில் தட்டிப் பார்க்க எனக்கு மனமில்லை. 'எல்லா 350 புல்லட்டுக்கும்' என்ற வரியை எடுத்துவிட்டு, எந்த எஞ்சினுக்கு என்று தெளிவாகப் போடுங்கள். பழைய வண்டியைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் பலர் ஊர் ஊராக உதிரிபாகம் தேடுகிறார்கள்; அவர்கள் காசும் என் காசு போலப் போகக் கூடாது.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவுசெய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.

பில், வெர்னியர் அளவுப் படங்கள், சைலன்சருக்குள் கம்பி விட்ட வீடியோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பைப்பும் சைலன்சரும் நீங்கள் அனுப்பிய அதே பெட்டியில் கட்டித் தயாராக இருக்கின்றன. ஆள் அனுப்புவதற்கு முந்தின நாள் தகவல் சொன்னால் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்