ஏரலுக்கு ஒரு பதில்

அழகன்குளம்
14.9.2025

அன்புள்ள தங்கராசு,

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசியிருந்தால் பாதி விஷயம் விட்டுப்போயிருக்கும். நீ உட்கார்ந்து எழுதியதே நல்லது. தங்கச்சியின் முழங்கால் வலிக்கு என் வீட்டுக்காரி ஏதோ தைலம் சொல்கிறாள், அதை அவளே பேசிச் சொல்வாளாம். இங்கே எல்லாரும் சுகம். மூத்தவன் துபாயில்தான். மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். இரும்புக் கடை வழக்கம்போல ஓடுகிறது. கம்பி, சிமெண்ட் இரண்டும் மந்தம். ஆணியும் கயிறும் கைகொடுக்கின்றன.

தாமிரபரணிக் கரையில் உங்கள் ஏரலில் தெருவுக்குத் தெரு வெள்ளக் குழு வைத்திருக்கிறோம் என்று எழுதிவிட்டு, "உங்கள் தண்ணியில்லாக் காட்டுக்கு இதெல்லாம் எதற்கு, படித்துச் சிரித்துக்கொள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். சிரிப்பு வரவில்லை மாப்ளே. எங்கள் வீட்டிலிருந்து ஆறு கூப்பிடு தூரம். நீ வந்தபோது பார்த்ததெல்லாம் மணலும் சீமைக்கருவேலும்தான். ஆனால் அது வைகை. ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைக்கிற ஆறு, கண்மாய் நிறைந்து மிஞ்சினால் எங்களைத் தொட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் வந்து கடலில் விழும். ஒரு காலத்தில் அந்த முகத்துவாரத்தில் ரோமாபுரிச் சரக்கு இறங்கியிருக்கிறது. தொல்லியல்காரர்கள் தோண்டி எடுத்த பானை ஓடுகள் சாட்சி. அதேபோலத் தெற்கே குண்டாறு கமுதி வழியாக வந்து மூக்கையூரில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் இரண்டிலும் மாடு மேயும். அதுதான் ஆபத்தே.

கடல் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாம்பனில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது என்று டிவியில் ஓடினால் போதும். மீன்துறை கடலுக்குப் போகிற அனுமதி டோக்கனை நிறுத்திவிடும், விசைப்படகுகள் நங்கூரத்தை இரட்டிப்பாக்கும், நாட்டுப்படகையும் வத்தையையும் மேடேற்றிவிடுவார்கள். அன்றைக்கு என் கடையில் நைலான் கயிறு ஒரு சுருள் மிஞ்சாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அலை தின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பயம் பேரன் வரைக்கும் இறங்கியிருக்கிறது. வாடை திரும்பி, வானம் கறுத்து, கடல் சத்தம் மாறினால் பாட்டிமார் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துவிடுவார்கள்.

கடலோரத்திலிருந்து ரெண்டு மைல் உள்ளே வா, நிலைமை தலைகீழ். கண்மாய்க்காரர்களுக்குத் தண்ணீர் மேல் பயம் கிடையாது, ஆசைதான். மூன்று வருஷம் வானத்தைப் பார்த்து ஏமாந்தவனிடம் போய் "கண்மாய் நிறைகிறது, கொஞ்சம் திறந்துவிடு" என்று சொல்லிப் பார். உன்னை வெட்டவே வருவான். எங்கள் பக்கத்துக் கலுங்கை, அதாவது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடத்தை, நீ சரியாகப் பார்த்ததில்லை. தளத்தின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவில் பலகை போட்டோ, வைக்கோலையும் களிமண்ணையும் பிசைந்து அடைத்தோ வைத்தால் கலுங்கு மட்டத்துக்கு மேலேயும் தண்ணீர் நிற்கும். அந்த ஓரடி, ஈரடித் தண்ணீர் தைக் கடைசியில் ஒரு நனைப்புக்கு ஆகும். நெல் கருகாமல் கதிர் முற்றிவிடும். கட்டியவர்கள் கணக்குத் தெரிந்துதான் கட்டினார்கள். மழை வலுத்தால் அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். அதை எடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்பார்கள். இருட்டிவிடும். பிறகு கரையில் எங்கோ நண்டு வளை, எலி வளை வழியாகக் கசிவு ஆரம்பிக்கும். கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் விடியும் வரை பொறுக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அப்போது சாக்குக்கு ஓடுவார்கள், டார்ச்சுக்கு ஓடுவார்கள், என் கடைக் கதவைத் தட்டுவார்கள்.

ஒரு கண்மாய் உடைந்தால் அதோடு போகாது. எங்கள் மாவட்டத்தில் கண்மாய்கள் ஒன்றின் கலுங்கிலிருந்து அடுத்ததன் வாய்க்கு என்று கோத்தவை. மேலே ஒன்று போனால் அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் கீழேயுள்ளதன் மேல் விழும், அது தாங்காமல் அதற்கும் கீழே. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ஆர்.எஸ்.மங்கலத்தைப் பெருமையாகச் சொல்வார்களே, அவ்வளவு பெரியதற்கும் தண்ணீர் இந்த மாதிரிக் கைமாறிக் கைமாறித்தான் வந்து சேர வேண்டும். தன் ஊரைக் காப்பாற்ற ராத்திரியோடு ராத்திரியாக எதிர்க்கரையை வெட்டிவிடுகிற வேலையும் நடந்திருக்கிறது. அந்தப் பகை கல்யாணங்காட்சி வரை நீளும். ஆகவே வெள்ளக் குழு என்றால் எங்களுக்கு ஓர் ஊர் மட்டும் உட்கார்ந்து பேசினால் பிரயோஜனமில்லை. மேல் கண்மாய்க்காரனும் கீழ் கண்மாய்க்காரனும் ஒரே பாயில் உட்கார வேண்டும். அடைப்பை எடுக்கிற மட்டத்தை ஐப்பசிக்கு முன்பே, வெயில் காய்கிறபோதே, பேசி முடித்துக் கல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட வேண்டும். மழையில் நின்றுகொண்டு பேசினால் சண்டைதான் வரும்.

உங்கள் பக்கம் 2023 டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளத்தை நான் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. என்று கேட்டபோது, எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே அவ்வளவு இராதே என்றுதான் தோன்றியது. நீ போன் எடுக்காமல் கிடந்த அந்த நாட்களில் இங்கே பள்ளிவாசலில் உனக்காகத் துஆ கேட்டோம். போன வருஷம் நவம்பர் 20-இல் எங்கள் பக்கமும் ருசி பார்த்தது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல், எங்கள் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி. புயலுமில்லை, கூண்டுமில்லை. பாம்பனில் மூன்று மணி நேரத்துக்குள் தெருவெல்லாம் குளம். அந்த மாதிரி மழைக்கு முன்கூட்டித் தயாராக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. செய்தி வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும்.

வைகை வெள்ளம் அப்படி இல்லை. அது தேனியில் கிளம்பி மதுரை, மானாமதுரை, பார்த்திபனூர் மதகு, பரமக்குடி என்று நிதானமாக, நாள் கணக்கில் வரும். வைகை அணை 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. பிறகு வருகிற உபரி அப்படியே ஆற்றில். ஐந்து மாவட்டத்துக்கும் அறிவிப்பு போகும், வாட்ஸ்அப்பில் எங்களுக்கும் வந்துவிடும். வந்து என்ன? அணையில் 69 அடி என்றால் எங்கள் வடக்குத் தெருவுக்குக் கணுக்காலா, முழங்காலா? இடையில் எத்தனை கண்மாய்கள் குடித்துக்கொள்ளும், பெரிய கண்மாய் ஏற்கெனவே எவ்வளவு நிறைந்திருக்கிறது, இதெல்லாம் கூட்டிக் கழித்துச் சொல்ல ஆள் வேண்டும். முன்பு அதற்கு நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். கண்மாயே அவர் பொறுப்பு, களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். இப்போது அந்த வேலைக்கு யாரும் இல்லை. நீ எழுதியிருந்தாயே, பாலத்துத் தூணில் அடி அளவு எழுதி, எந்த அடிக்கு எந்தத் தெரு காலி செய்ய வேண்டும் என்று பக்கத்திலேயே பெயிண்டில் போட்டிருக்கிறோம் என்று, அதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதுதான் எங்களுக்கு வேண்டியது.

இன்னொன்று, உங்களுக்கு இல்லாத தொல்லை. பெருமழைக் காலத்தில் வாடை அடித்துக் கடல் பெருகியிருக்கும். முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டியிருக்கும். ஆற்றுத் தண்ணீர் கடல் வாசல் வரை வந்து உள்ளே போக முடியாமல் திரும்பி ஊருக்குள் ஏறும். கடல் வற்றும்போது கொஞ்சம் இறங்கும், மறுபடி பெருகும்போது ஏறும். இந்த முகத்தை எப்போது, எந்த இடத்தில் வெட்டிவிடலாம் என்று சொல்லக்கூடியவர்கள் மீனவர்கள்தான். ஆனால் வெள்ளக் கூட்டம் என்றால் விவசாயிகளைக் கூப்பிடுகிறார்கள், புயல் கூட்டம் என்றால் மீனவர்களை. இரண்டு பேரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்து நான் பார்த்ததில்லை. இது போதாதென்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடைகளைக் குறுக்கே வெட்டிப் போகிறது. பாலத்தின் கண்களில் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. விறகை எரித்துக் கரியாக்கக் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் அந்த இடங்களை முதலில் வெட்டச் சொன்னாலே பாதி வேலை ஆகிவிடும், அவர்களுக்கும் விறகு கிடைக்கும்.

வைகையில் வெள்ளம் வந்து, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் பறைசாற்றிய கதையைக் கல்லூரி நாளில் நீதான் எனக்கு விளக்கிச் சொன்னாய். பிட்டு, பிரம்படி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக்கு இவ்வளவு கரை என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள் பார், அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்கு யோசனை, அந்தக் கதையில் பிட்டு விற்கிற கிழவி வந்தியைப் பற்றித்தான். ஆளில்லாத வீடு. எங்கள் ஊர்களில் இன்றைக்கு வந்திகள்தான் அதிகம். ஆம்பளைகள் சபுர் என்று வெளிநாடு போயிருப்பார்கள், இல்லாவிட்டால் திருப்பூர், சென்னை. வெள்ள ராத்திரியில் வீட்டில் இருப்பது ஒரு கிழவி, ஒரு மருமகள், கைப்பிள்ளை. என் வீட்டிலேயே இந்தக் கார்த்திகையில் நிறைமாதக்காரி இருப்பாள். ஆகவே நீ எழுதிய சாமான் பட்டியலுக்கு முன்னால் நான் ஆள் பட்டியல் போடச் சொல்கிறேன்: படுக்கையில் கிடப்பவர் யார், டயாலிஸிஸுக்குப் போகிறவர் யார், இன்சுலின் யாருக்கு, எந்த வீட்டில் ஒற்றை மனுஷி. ஒவ்வொருவருக்கும் எதிரே தூக்கிக்கொண்டு போகிற ரெண்டு பேரின் பெயர். அந்த ரெண்டு பேரும் அன்றைக்கு ஊரில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். துபாயில் இருக்கிற மகன் பெயரைக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. பள்ளிவாசல் ஜமாத்திடம் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். கோயில் மைக், பள்ளிவாசல் மைக் இரண்டிலும் ஒரே அறிவிப்பு, ஒரே வார்த்தையில் போக வேண்டும் என்றும் பேசியிருக்கிறோம். கரண்ட் போனால் மைக்கும் போகும், அதற்கு பேட்டரி.

பாதுகாப்புக் கட்டடம் உண்டு. பல்நோக்கு என்று பெயர், நல்ல உறுதியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். சாவி யாரிடம் என்று விசாரித்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். போன முறை பூட்டை உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே கக்கூசில் தண்ணீர் இல்லை. பெண்கள் ராத்திரியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள், நனைந்த வீட்டுக்கே. ஆடு மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களைத் திட்டிப் பயனில்லை. நாலு ஆடுதான் அந்த வீட்டின் சேமிப்பு. ஆட்டுக்கும் ஒரு மேடு காட்டினால் மனுஷர்கள் தானாக வருவார்கள்.

படகு பற்றிக் கேட்டிருந்தாய். 2018-இல் கேரளாவில் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆட்களை மீட்டதைப் பார்த்து எல்லாரும் படகு படகு என்கிறார்கள். ஊருக்குள் எல்லாப் படகும் உதவாது. எஞ்சின் விசிறியில் வேலிக்கம்பி சுற்றிக்கொள்ளும். ரப்பர் படகைக் கருவேல முள் குத்திக் கிழித்துவிடும். இங்கே சிறுவலைக்காரர்கள் தெர்மாகோல் மிதவையில் கோல் ஊன்றிப் போகிறார்களே, தெருத்தண்ணீருக்கு அதுதான் சரி. உங்கள் பக்கம் ஓடுகிற தண்ணீர் வேகம் அதிகம், அதற்கு அது ஒத்துவராது. குறுக்கே கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்துத்தான் போக வேண்டும். முழங்கால் ஆழம்தானே என்று இறங்குகிற பையன்களை மட்டும் விடாதே. வேகத்தில் அந்த ஆழமே காலை வாரிவிடும்.

தண்ணீர் வடிந்த பிறகு செய்ய வேண்டியவற்றில் நீ எலிக் காய்ச்சலை விட்டுவிட்டாய். காலில் புண் இருப்பவர்கள் சகதியில் இறங்கக் கூடாது, காய்ச்சல் கண்டால் கடையில் மாத்திரை வாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிணற்றுக்கும் தொட்டிக்கும் பிளீச்சிங் பவுடர். அலமாரிக்குள், அடுப்படியில் பாம்பு பார்த்துக் கை வை. 1077 கலெக்டர் ஆபீஸ் எண் என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள்; போனில் சேமித்தது போனோடு நனைந்துவிடும்.

வருகிற வாரம் மேலக் கண்மாய்க்காரர்களும் கடற்கரை ஆட்களும் என் கடை வாசலில் கூடுவதாக ஏற்பாடு. டீச் செலவு என்னுடையது. யார் வருவார்கள், யார் முறுக்கிக்கொள்வார்கள் என்பது பிறகு தெரியும். அதற்குள் உங்கள் பாலத்துத் தூணில் எழுதியிருப்பதைப் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்து அனுப்பு. எந்த பெயிண்ட், எத்தனை கோட், ஒரு மழைக்காலம் தாங்கியதா என்பதையும் எழுது. எங்களுக்கு உப்புக் காற்று, சாதாரண பெயிண்ட் ஆறு மாதத்தில் உரிந்துவிடும்.

மகளுக்குப் பிரசவம் ஆனதும் தகவல் சொல்கிறேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

உன்
செய்யது