முதலில் தோளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடையும் ஆளுமையும் பற்றி இணைப்பிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் நிறத்தில் தொடங்கி நிறத்திலேயே முடிந்துவிடுகின்றன. சிவப்பு உடுத்துபவர் துணிச்சல்காரர், நீலம் உடுத்துபவர் அமைதியானவர் என்று ஒரு பட்டியல். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்கள் குறுக்குக் கோடு போடவே கூடாது என்று ஓர் எச்சரிக்கை. இதை நம்பி, ஆசைப்பட்டு எடுத்த சட்டையை அலமாரியிலேயே மடித்து வைத்துவிடுபவர்கள் ஏராளம். துணி வெட்டித் தைக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் என்ற முறையில் எங்களுக்கு இதில் மிகுந்த ஆதங்கம் உண்டு.

குறுக்குக் கோட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் ஒன்றைக் குறுக்குக் கோடுகளாலும் மற்றதை நெடுக்குக் கோடுகளாலும் நிரப்பினால், குறுக்குக் கோடு போட்டதுதான் உயரமாகத் தெரியும் என்று ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-இலேயே எழுதிவிட்டார். உடம்பு சதுரம் இல்லைதான். அதனால் குறுக்குக் கோடு ஒல்லியாகக் காட்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கண்ணை உறுத்துவது கோடு அல்ல, கோடு வளைவது. வயிற்றுப் பக்கம் துணி பிடித்தால், நேராக ஓட வேண்டிய கோடு பட்டனை நோக்கி இழுபட்டு வளையும். அந்தச் சட்டையையே சுற்றளவில் 2 அங்குலம் கூட்டித் தைத்தால் கோடு நேராகிவிடும்.

ஒருவருடைய பாணி முதலில் தெரிவது தோளில்தான். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள் எலும்பின் நுனியில் ஒரு சிறு குழி விழும். அந்த இடத்தில் தோள் தையல் முடிய வேண்டும். அரை அங்குலம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. ஒரு அங்குலம் தாண்டிப் போனால் சட்டைக் கையின் தலைப்பகுதி மடிந்து தொங்கும். எவ்வளவு விலை உயர்ந்த துணியானாலும் இரவல் வாங்கிப் போட்டதுபோல் ஆகிவிடும். உள்ளே தள்ளி இருந்தாலோ, கையை முன்னால் நீட்டும்போதெல்லாம் முதுகில் இழுக்கும். இந்தத் தவறைப் பிறகு சரிசெய்வதும் எளிதல்ல. பக்கத் தையலைப் பிடிப்பது சின்ன வேலை. தோளைக் குறைக்க வேண்டுமானால் சட்டைக் கையைப் பிரித்து, கைக்குழியை, அதாவது கை பொருத்தும் திறப்பை, திரும்ப வெட்டி, அதற்கேற்பக் கையின் வளைவையும் மாற்ற வேண்டும். இரண்டின் சுற்றளவும் பொருந்தாவிட்டால் தையல் முழுக்கச் சுருக்கம் விழும். ஆகவே கடையில் தோளைப் பார்த்து எடுங்கள், மற்றதை ஆல்டர் செய்துகொள்ளலாம்.

லூஸாக உடுத்துவதுதான் சிலருடைய இயல்பு. அவர்கள் இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பதைவிட, தோள் இறக்கியே வெட்டப்பட்ட சட்டையாகப் பார்த்து எடுப்பது நல்லது. சைஸைக் கூட்டினால் கழுத்தும் சேர்ந்து அகலமாகும், கைக்குழியும் கீழே இறங்கும். கைக்குழி ஆழமாக இருந்தால், கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலே ஏறும். அதை ‘டைட்’ என்று நினைத்து இன்னும் பெரிய சைஸுக்குப் போகிறார்கள். தொல்லை கூடத்தான் செய்கிறது.

கண்ணாடி முன் நின்று பார்ப்பது மட்டும் போதாது. உட்காருங்கள், குனியுங்கள், கையை முன்னால் நீட்டுங்கள். குறுக்கே சுருக்கம் விழுந்தால் அந்த இடம் இறுக்கம். நெடுக்காக மடிப்புத் தொங்கினால் அங்கே துணி அதிகம். சாய்வாக விழும் சுருக்கம் எங்கிருந்து கிளம்புகிறதோ, கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சரி, தனக்கென்று ஒரு பாணி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மாதம் துவைத்து வரும் உடைகளையெல்லாம் அலமாரியின் வலது கோடியிலேயே மாட்டி வாருங்கள். மாத முடிவில், விரும்பி உடுத்தியவை வலப்பக்கமும் தொடாதவை இடப்பக்கமும் ஒதுங்கியிருக்கும். வலப்பக்கம் உள்ளவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது? காலரா, வட்டக் கழுத்தா? முழங்கை வரை வரும் கையா? விறைப்பான துணியா, வழிந்து விழும் துணியா? எந்தப் பட்டியலும் சொல்லாத உங்கள் விருப்பம் அங்கே தெரியும்.

அவற்றில் மிகப் பொருத்தமான சட்டையை மேசையில் விரித்து, பட்டன் போட்டு, ஐந்து அளவுகள் எடுங்கள்: தோள் நுனியிலிருந்து நுனி வரை, அக்குளுக்கு ஒரு அங்குலம் கீழே மார்பு (இதை இரட்டிப்பாக்க வேண்டும்), பின்கழுத்துத் தையலிலிருந்து கீழ் ஓரம் வரை உயரம், கை நீளம், காலர். எஸ், எம், எல் என்பவை எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒன்றல்ல. இந்த ஐந்தும் கையில் இருந்தால் லேபிளை நம்ப வேண்டாம்.

தைக்கக் கொடுப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்தச் சொல்லுங்கள். 5 சதவீதம் சுருங்கினால் 30 அங்குல உயரத்தில் ஒன்றரை அங்குலம் போய்விடும். பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள், உடம்பு மாறினாலும் உடை கைவிட்டுப் போகாது. நேர் இழை, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், பார்க்காமல் வெட்டிய பேண்ட் சில சலவையிலேயே காலைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். எத்தனை இஸ்திரி போட்டாலும் அது நேராகாது.

நிறத்துக்கு ஒன்றே ஒன்று: கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கறுப்புகள் வெயிலில் வேறுவேறாகத் தெரியலாம். வாசல் வரை எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, பிடித்ததை எடுங்கள்.

அடுத்த இணைப்பிதழில் நிறப் பலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை, மேலே சொன்ன ஐந்து அளவுகளைப் படம் போட்டு விளக்கத் தந்தால் மிகவும் மகிழ்வோம். வாசகர்கள் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்துக்கொள்ளும் அளவில் அது இருக்கட்டும்.

இப்படிக்கு,
தையற்கலைப் பயிற்றுநர்கள்