‘போசிங் ஆயில்’ என்ற பெயரில் விற்கப்படும் ஊசி எண்ணெய் குறித்துப் புகார்

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: 100 மி.லி. ‘போசிங் ஆயில்’ குப்பியை விற்பனையிலிருந்து நீக்கக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

போட்டி மேடையில் உடம்பு மினுமினுக்கப் பூசுவதற்காக உங்கள் தளத்தில் மேற்கண்ட எண்ணெயை வாங்கினோம். வந்திருப்பது பூசுகிற எண்ணெய் அல்ல. தடவும் எண்ணெய்க்குத் திருகு மூடியோ பம்ப்போ இருக்கும். இந்தக் கண்ணாடிக் குப்பியின் வாயில் ரப்பர் அடைப்பான், அதை இறுக்கிப் பிடிக்க அலுமினிய வளையம். ஊசியைக் குத்தி உறிஞ்சுவதற்கென்றே செய்த குப்பி இது. லேபிளில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது. அதே பக்கத்தின் அடியில் ‘சேர்த்து வாங்கப்படுபவை’ என்று நீங்களே சிரிஞ்சைக் காட்டுகிறீர்கள். யாரை ஏமாற்ற இந்த லேபிள்?

அச்சிட்டிருக்கும் கலவை: எண்ணெய் 85%, லிடோகெய்ன் 7.5%, பென்சைல் ஆல்கஹால் 7.5%. 1990-களில் ஜெர்மனியின் கிறிஸ் கிளார்க் கொண்டுவந்த சிந்தோல் அப்படியே, அதாவது தசை பெரிதாகத் தெரிய ஊசியால் ஏற்றிக்கொள்ளும் எண்ணெய். குத்தும்போது வலி தெரியாமலிருக்க மரப்பு மருந்து, கிருமி வளராமலிருக்க ஆல்கஹால். மேனியில் தடவ மரப்பு மருந்து எதற்கு?

‘ஸ்டீராய்டு இல்லையே, வெறும் எண்ணெய்தானே’ என்று ஜிம்களில் சொல்லித்தான் இது கைமாறுகிறது. இதனால் தசை துளியும் வளராது. நார்களுக்கு இடையே எண்ணெய் அடைத்துக்கொள்வதால் கை பருத்துத் தெரியும், அவ்வளவே. உடல் எளிதில் கரைக்க முடியாததால் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதைச் சுற்றி வடுத்திசு வளர்ந்து கட்டிகளாக இறுகும். பின்னாளில் வேண்டாமென்றாலும் சிரிஞ்சால் இழுத்துவிட முடியாது. நார்களுக்குள் ஊறிப் பரவியிருப்பதால் கெட்ட தசையோடு சேர்த்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஊசி முனை ரத்தக்குழாய்க்குள் போனால் எண்ணெய் நுரையீரலில் போய் அடைக்கும், உயிரே போகலாம். நரம்பில் பட்டால் கை விளங்காமல் போகலாம். கிருமி புகுந்தால் சீழ்க்கட்டி.

பலருக்கும் தெரியாதது கால்சியம். கட்டியைச் சுற்றிக் குவியும் தற்காப்பு அணுக்கள் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றித் தள்ளிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தில் கல் சேர்ந்து, கடைசியில் சிறுநீரகமே பழுதாகலாம். ஊசி போட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் இது வரும் என்பதால், மருத்துவரிடம் போகிறவருக்கு எண்ணெயைப் பற்றிச் சொல்லத் தோன்றுவதுகூட இல்லை.

மருந்து தயாரிக்கவும் விற்கவும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். குப்பியில் உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, தயாரிப்பாளர் முகவரியும் இல்லை.

இந்தப் பொருளையும், அதே விற்பனையாளர் வேறு பெயர்களில் வைத்திருப்பவற்றையும் உடனே நீக்குங்கள். வாங்கிய எல்லோருக்கும் ‘உடலுக்குள் ஏற்றாதீர்கள், ஏற்கெனவே ஏற்றியவருக்கு மூச்சுத்திணறல், காய்ச்சல், வீக்கம் இருந்தால் மருத்துவமனைக்குப் போய், எண்ணெய் என்று மறைக்காமல் சொல்லுங்கள்’ என்று செய்தி அனுப்புங்கள். எங்கள் பணத்தைத் திருப்பித் தாருங்கள். குப்பியைத் திருப்பி அனுப்ப மாட்டோம். அனுப்பினால் மறுபடி கிடங்கில் ஏறி இன்னொருவர் கைக்குப் போகும். திறக்காமல் வைத்திருக்கிறோம், மருந்து ஆய்வாளர் கேட்டால் ஒப்படைப்போம்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இப்புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் புகார் பதிவாகும்.

இப்படிக்கு,
உடற்பயிற்சிக் கூடப் பயிற்சியாளர்கள்

இணைப்பு: குப்பி, லேபிள், விற்பனைப் பக்கம் ஆகியவற்றின் படங்கள், ரசீது நகல்