பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் மனிதவள மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேலாளர் பெருமக்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி வந்து, எலெக்ட்ரானிக் போர்டுகளை மைக்ரோஸ்கோப்பில் சோதிப்பவள் நான். போன வருடக் கடைசியில் ஒரு நாள், 12 மணி நேர இரவு ஷிப்ட் முடிந்த கையோடு எங்களைப் பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். நாசி லெமாக் பொட்டலம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் விளக்கை அணைத்து ஆங்கிலத்தில் ஸ்லைடு போட்டதும் முன்வரிசையே தூங்கி வழிந்தது. முடிவில், பயிற்சி பிடித்ததா என்று கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். எல்லாரும் சிரித்த முகத்துக்கே டிக் அடித்தோம், பஸ் கிளம்பிவிடுமே!

ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் எங்கள் மனதில் நின்றது. போர்டில் பாகங்களை ஒட்டவைக்கும் உலோகமான சால்டர் பளபளத்தால் நல்லது, மங்கினால் ரிஜெக்ட். ஈயம் கலந்த சால்டருக்கு அது சரி. எங்கள் லைனில் ஓடுவது ஈயமில்லாதது. நல்ல இணைப்பே சற்று மங்கலாகத்தான் தெரியும். ஒரு வாரம் நல்ல போர்டுகளாகப் பார்த்துத் தள்ளினோம். ரிஜெக்ட் ஏறியதற்குத் திட்டு வாங்கியதும் நாங்கள்தான்.

சரிசெய்தது பக்கத்து மேசை அக்கா. நல்லது ஒன்று, கெட்டது ஒன்று, இரண்டையும் லென்சுக்கு அடியில் வைத்து, "பளபளப்ப பாக்காதம்மா, ஓரத்தப் பாரு. பரவி ஒட்டியிருக்கா, உருண்டையா நிக்குதா?" என்றார். பத்தே நிமிடம்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 மலேசியர்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்கு ஈடான தொகையை, மனிதவள மேம்பாட்டுக்கான அரசு அமைப்பான எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாக (கட்டாயக் கட்டணமாக) கட்டுகின்றன. பயிற்சிக்கென்றே கட்டும் பணம் அது. பினாங்கு திறன் மேம்பாட்டு மையமும் 1989 முதல் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

எச்ஆர் படிக்கும் என் மகள் ஒன்று சொன்னாள். பயிற்சி பலித்ததா என்று பார்க்க நான்கு கேள்விகள் உண்டென்று 1959-லேயே கிர்க்பாட்ரிக் என்பவர் எழுதிவிட்டாராம்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. சிரித்த முகத் தாள் முதல் கேள்விக்கு மட்டும்தான். மற்ற மூன்றையும் கேட்க எங்கள் லைனுக்கு இதுவரை யாரும் வரவில்லை.

பயிற்சியை ஷிப்ட் நேரத்துக்குள், எங்கள் போர்டை வைத்தே நடத்துங்கள். மலாயிலோ தமிழிலோ கேள்வி கேட்க விடுங்கள். ஒரு மாதம் கழித்து வந்து பாருங்கள்.

அக்காவுக்கு அடுத்த ஆண்டு 60 வயது, ஓய்வு பெறுகிறார். அந்த இரண்டு போர்டுகளும் இன்னும் அவர் டிராயரில்தான் இருக்கின்றன. அவர் போவதற்குள், புதிதாக வந்த பிள்ளைகளோடு அவரை இரண்டு மணி நேரம் உட்கார விடுங்கள்.

இப்படிக்கு,
லைனில் இருந்து ஒருத்தி