மிஞ்சிய ஸ்க்ரூ

அக்கா,

நாவலை நேற்று இரவு முடித்துவிட்டேன். கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாதி உன்னுடையது. பதினைந்தாம் அத்தியாயத்தில் நின்றோமே, அதிலிருந்துதான் பேச வேண்டும்.

தாத்தா ரோபோ சாகிறது. நீ அடித்துப் போட்டதைத் திரும்ப எழுதிவிட்டேன். கோபப்பட்டால் படு. ஓரத்தில் நீ பென்சிலால் எழுதியது இன்னும் அழியவில்லை: "பெத்தவங்க விட்டுட்டுப் போவாங்க. இவன் போகக் கூடாது." அதைப் பார்த்துப் பார்த்தே மூன்று வருடம் எனக்குக் கை ஓடவில்லை. எழுதியவள் நீ. போனவளும் நீ. ஏன் போனாய் என்பதை இங்கே சொல்ல மாட்டேன், உன்னைத் தெரிந்தவர்களும் படிப்பார்கள். காரணம் நியாயமானது. அவ்வளவுதான்.

எழுத உட்காரும்போதெல்லாம் அந்த டேபிள் ஃபேன்தான் கண்முன் வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ரோபோவை எப்படி எழுதுவது என்று சொல்லி, அதைத் தரையில் போட்டு முழுசாகப் பிரித்தாய். காயில், கப்பாசிட்டர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாய். எனக்குப் புரிந்தது தலையை ஆட்டவைக்கும் அந்தச் சின்னப் பல்சக்கரம் மட்டும். திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. ஃபேன் ஓடியது.

"இது இல்லாமலே ஓடுதே, அப்ப இது எதுக்கு?" என்று சிரித்தாய்.

"நீ அதைத் தூக்கிப் போடாத!" என்று கத்திவிட்டேன். அதுவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருந்தேன். அந்த வீட்டில் யாருக்கும் எந்த உறவும் இல்லாமல் வந்து ஒட்டிக்கொண்டவள் நான். ஸ்க்ரூவைப் பற்றியா கத்தினேன்? நீ ஒன்றும் கேட்கவில்லை. அதை எடுத்து என் பென்சில் டப்பாவில் போட்டாய்.

அறிவியல் கதை எழுதிய அசிமோவ், ரோபோக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று 1942-இல் போட்ட மூன்று விதிகளிலும் மனிதன் ரோபோவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை என்று சண்டை போடுவாயே. அக்கா தங்கைக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் எங்கேயும் எழுதிவைக்கவில்லைதான். ஒரு போன்கூடவா?

சரி, விடு. மன்னிப்புக் கேட்கத்தான் ஆரம்பித்தேன். கதவு தட்டினால் அணைந்துவிட்டதுபோல நடிக்கும் சமையல் ரோபோ இருக்கிறதே, அது நீதான். உன்னைக் கேட்காமல் எழுதினேன். பெயரை மாற்றிப் பார்த்தேன், பேச்சை மாற்ற வரவில்லை. மாற்றினால் அது வெறும் ரோபோவாகிவிடுகிறது. தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் நாவலிலேயே எனக்குப் பிடித்த ஆளும் அதுதான், என்ன செய்ய?

1881-இல் தொடராக வந்தபோது இத்தாலிய எழுத்தாளர் கொலோடி, தன் மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவைப் பதினைந்தாம் அத்தியாயத்தில் தூக்கில் தொங்கவிட்டு முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை, அப்புறம் எழுப்ப வேண்டியதாயிற்று. இது நீ சொன்ன கதை. நான் தாத்தாவை எழுப்பவில்லை. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அதன் பாகங்களைத் தங்களுக்குள் பூட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சுகிறது. அதை யார் வைத்துக்கொள்வது என்று அடித்துக்கொள்கிறார்கள்.

அட்டையில் உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. வேண்டாமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல். சனிக்கிழமை சொன்னால் எடுக்க மாட்டேன்.